நான்காம் மாடிச் செருப்புக்காரி

இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரமாக ரிஃப்கி அந்தப் பெண்மணியோடு சண்டை போட்டிருக்கிறான். நாளை அவனுக்கு நிச்சயம் செய்யப்போகும் தஹானியோடு அல்ல. தஹானியோடு சண்டை போடும் அளவுக்கு அவளுடைய அப்பா இன்னும் தனியாகப் பேச விட்டதில்லை. இவள் வேறு. நான்காம் மாடி பால்கனியில் நிற்பவள். தலைமுடியில் சுருட்டை விழுவதற்கான உருளைகள், மாதுளம்பூப் போட்ட பச்சை அங்கி, இரண்டு கையிலும் செருப்பு. டப்பாத் தொலைக்காட்சியின் திரையில் அவள் உயரம் ஒரு விரல்கூட இருக்காது. ஆனால் ஒரு செருப்புகூடக் குறி தப்பினதில்லை.

அலெக்ஸாந்திரியாவில் அத்தாரீன் பழைய சாமான் கடைகள் முடிகிற முனையில் மித்ஹத்தின் முடிதிருத்தும் கடை இருக்கிறது. தொழில் தெரிந்தவர் என்பதால் எல்லோரும் அவரை உஸ்தா என்பார்கள். மற்ற நாட்களில் அங்கே முடி வெட்டுவார்கள். வியாழக்கிழமை மாலையானால் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, முடி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொலைக்காட்சியைத் தூக்கி வைப்பார்கள். அரைகுறைகள் சங்கம் கூடும். அந்தப் பெயரை வைத்தது உஸ்தாவின் மனைவி. திட்டித்தான் சொன்னாள். சங்கத்தாருக்குப் பிடித்துப்போய்விட்டது.

அவர்கள் தேடுவதெல்லாம் விற்பனைக்கு வராமலே போன வீடியோ ஆட்டங்களைத்தான். பாதி செய்யும்போது கம்பெனி மூடியிருக்கும், அல்லது செய்தவனுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். சங்கத்திடம் ஒரு கால்பந்து ஆட்டம் இருக்கிறது. இருபத்திரண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். பந்தை மட்டும் யாரும் இன்னும் செய்யவில்லை. ஒரு கார்ப் பந்தயம் இருக்கிறது. இரண்டாவது வளைவோடு சாலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் நீல நிறம்தான். சங்கத்தார் அந்த நீல நிறத்தின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலத் தேநீர் குடிப்பார்கள்.

போன குளிர்காலத்தில் உஸ்தா ஒரு சுவர்க்கடிகாரப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு அத்தாரி கட்டையைக் கண்டெடுத்தார். அந்த ஊரில் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் எந்தப் பெட்டிக்கும் அத்தாரி என்றுதான் பெயர். அதில் செருகும் பிளாஸ்டிக் துண்டு கட்டை. அந்தக் கட்டையில் அச்சடித்த படம் எதுவும் இல்லை. பேனாவால் 'நாலாவது மாடி' என்றும், கீழே 'வ. ஷா., முஹர்ரம் பே, 1994' என்றும் எழுதியிருந்தது. வெளிநாட்டுக் கட்டைகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி, முஹர்ரம் பேயில், ஒருவர் செய்த ஆட்டம் என்றதும் கண் கலங்கிவிட்டது. உஸ்தா அன்று வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை வைக்க மறந்துவிட்டார்.

ஆட்டம் இவ்வளவுதான். நாயகன் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவன். தோளில் சிலிண்டர், கையில் அதைத் தட்டி ஒலி எழுப்ப ஒரு ஸ்பானர். பூனைகளைத் தாண்டி, தலையில் ரொட்டிப் பலகையோடு சைக்கிளில் வருகிறவனிடமிருந்து ஒதுங்கி, சொட்டும் துணிகளுக்கு அடியில் குனிந்து, பால்கனிகளிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடைகளில் தொற்றி நாலாவது மாடிக்குப் போக வேண்டும். செய்து முடிக்காத ஆட்டம் என்பதற்கு எல்லா அடையாளமும் இருந்தன. இரண்டாம் மாடிப் படிகளுக்கு வண்ணம் அடிக்கவில்லை. ஒரு பூனை வெறும் காற்றில் பின்னோக்கி நடந்தது. நிலா பாதிதான் வரைந்திருந்தது. அது பிறை அல்ல, பாதியில் நின்றுபோன முழு நிலா. ஆனால் அந்தப் பெண்மணியை மட்டும் அப்படி வரைந்திருந்தார்கள்! கண் சிமிட்டுவாள். நழுவும் உருளையை ஒரு கையால் சரிசெய்வாள். கோபம் வந்தால் மூக்கின் நுனி சிவக்கும்.

“படிக்கட்டுக்கு வண்ணம் அடிக்க நேரமில்லாத ஆளு, இவளுக்குக் கண்ணிமை முடியை ஒண்ணொண்ணா வரைஞ்சிருக்கார், பாத்தியா?” என்றாள் ஷெரீன். அவள் துறைமுகத்தில் மின்பொறியாளர். கட்டைக்குள் இருக்கும் சில்லுக்கு வயதாகிவிட்டது, ஒரு நாள் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று, கிடைத்த வாரமே உள்ளே இருந்ததை முழுக்கத் தன் மடிக்கணினியில் பிரதி எடுத்து வைத்துவிட்டாள். ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை. சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு: கையால் விளையாடி முடித்த பிறகுதான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். அதற்கு முன் பார்த்தால், உஸ்தா சொல்வதுபோல, அது பரீட்சைக்கு முன்னால் வாத்தியார் வீட்டுச் சுவரேறிக் குதிப்பது.

ரிஃப்கி அடிக்காத அடி இல்லை. ஸ்பானரால் அடித்தான், சிலிண்டரை உருட்டிவிட்டான். சிவப்பு உருளையை மட்டும் அடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்தான். அவள் களைத்துப்போவாள் என்று இன்னொருவர் சொன்னதால் ஒரு விடுமுறை நாள் முழுக்க மூலையில் ஒளிந்து காத்திருந்தான். அவள் களைக்கவில்லை. பால்கனியின் கீழே செருப்புதான் குவிந்தது.

இதெல்லாம் கெய்ரோவில் இருக்கும் இதே மாதிரிச் சங்கத்தாரின் காதுக்குப் போனது. இரண்டு சங்கத்துக்கும் பொதுவான கைபேசிக் குழுவில் அவர்கள் ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள்: “என்னப்பா அலெக்ஸாந்திரியாக்காரங்களா, ஒரு பொம்பளைகிட்ட ஒரு சிலிண்டரைக் கொண்டுபோய்க் குடுக்க முடியலையா உங்களால? பெரிய ஆம்பிளை யாரையாவது அனுப்பட்டுமா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் ரிஃப்கியைச் சுட்டது. அவனும் குரலிலேயே பதில் அனுப்பினான். “என் நிச்சயத்துக்கு முந்தின நாள், ராத்திரி இஷா பாங்கு சொல்றதுக்குள்ள அவளைத் தோக்கடிக்கலேன்னா, என் மீசையை எடுத்துடறேன்!”

அனுப்பிய மறுகணமே அழிக்கப் பார்த்தான். அதற்குள் கெய்ரோவில் முப்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

அவன் மீசை சாதாரண மீசை அல்ல. ரிஃப்கிக்கு இருபத்தொன்பது வயது. மீசை இல்லாவிட்டால் பதினான்கு. அந்த ஊரில் மருந்துக்கடைக்காரரும் டாக்டர்தான்; ஆனால் தன் மருந்துக்கடையில் வெள்ளை அங்கியோடு நின்றாலும் அவனிடமே, “தம்பி, டாக்டர் எப்ப வருவார்?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதல் தடவை பெண் கேட்டுப் போனபோது தஹானியின் அப்பா ஹாஜி பரகாத் கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்து, “உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுப்பா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மீசை வளர்ந்தது. மறுபடி போனான். “வாங்க டாக்டர், உள்ள வாங்க” என்றார் அதே ஹாஜி. பழைய பையனை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

“அப்பாவுக்கு மாப்பிள்ளை உன் மீசைதான்” என்று தஹானி, அவருக்குத் தெரியாமல் தொலைபேசியில் பேசியபோது தெளிவாகவே சொல்லியிருந்தாள். “நீ அதுக்குப் பின்னால துணைக்கு வர்ற ஆளு. அதைத் தொலைச்சுட்டு வந்து நின்னே, கேக்கைக்கூட வெட்ட விட மாட்டார்.”

இதற்கிடையில் ஷெரீன் முஹர்ரம் பேயில் அலைந்து, 1994இல் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த வ. ஷா. யார் என்று இஸ்திரிக் கடையில் விசாரித்தாள். இஸ்திரிக்காரர் சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: வக்தி ஷாஹீன், பூகோள வாத்தியார்.

வக்தி வாத்தியார் மெலிந்த, பயந்த மனிதர். சங்கத்துக்கு இரண்டு முறை வந்தார். தன் ஆட்டத்தைத் திரையில் பார்த்து, பின்னோக்கி நடக்கும் பூனைக்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் நாலாவது மாடி வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

“வாத்தியாரே, இவளை எப்படி ஜெயிக்கிறது? ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்” என்று ரிஃப்கி கெஞ்சினான்.

“முயற்சி பண்ணுங்க டாக்டர். முயற்சி நல்லது.”

“ஆட்டத்தை ஏன் பாதியில விட்டீங்க?” என்று ஷெரீன் கேட்டாள். முதல் முறை மின்வெட்டு என்றார். இரண்டாவது முறை கூட்டாளி குவைத்துக்குப் போய்விட்டான் என்றார்.

“வீட்டுல இதைப் பத்தி யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்” என்று போகும்போது உஸ்தாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்ன மனிதர்தான் அந்தக் கடைசி வியாழக்கிழமை, பாதிக் கதவுக்கு அடியில் குனிந்து, மனைவியோடு உள்ளே வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்டவரின் முகம். பின்னால் வந்த அம்மாள் குட்டையாக, உருண்டையாக, கையில் ஒரு பெரிய பாத்திரத்தோடு கடையைச் சுற்றிப் பார்த்தார்.

“நான் கரீமோட அம்மா, நக்வா. மூணாவது வியாழக்கிழமையா இவர் முடி வெட்டப் போறேன்னு கிளம்பறார். தலையில இருக்கறதே நாப்பது முடி. நான் என்ன, முட்டாளா?” பாத்திரத்தை உஸ்தாவிடம் நீட்டினார். “திராட்சை இலையில சோறு சுருட்டினது. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க. நீங்க ஆடுங்க தம்பி, நான் ஓரமா பார்த்துக்கறேன்.”

‘தம்பி’ என்றது ரிஃப்கியை. மீசை இருக்கும்போதே தம்பி! அவன் மீசையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கடை நிறைந்திருந்தது. உஸ்தா கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி தன் தொழில் நாற்காலியின் உயரத்தைச் சரிபார்த்தார். ஷெரீன் கைபேசியில் கெய்ரோவுக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருக்கவில்லை; “முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு ரிஃப்கி, கடைசிப் படம் நல்லா வரணும்” என்றாள்.

ரிஃப்கி ஆரம்பித்தான். முதல் மாடி, இரண்டாம் மாடி. நக்வா அம்மாள் முடி கழுவும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பூனையைப் பார்த்துச் சிரித்தார், ரொட்டிக்காரனைப் பார்த்து “இவன் நம்ம அப்து மாதிரியே இருக்கான்ல?” என்று கணவரைக் கேட்டார். வக்தி கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாம் மாடி. கூடை மேலே போனது. நாலாவது மாடி.

நக்வா அம்மாளின் சிரிப்பு நின்றது.

“யாரு இந்த ராட்சசி?”

“அது... பொதுவா ஒரு பொம்பளை” என்றார் வக்தி.

“பொதுவான பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு இமை முடி?”

“நானும் அதையேதான் கேட்டேன்மா!” என்றாள் ஷெரீன்.

“சில்லுல இடம் பத்தலை” என்றார் வக்தி, யாரும் கேட்காத கேள்விக்கு.

முதல் செருப்பு வந்து ரிஃப்கியின் நாயகனைச் சாய்த்தது. இரண்டாவது உயிர். அதுவும் போனது. மீண்டும் முதலிலிருந்து ஏறி வந்தான். கையெல்லாம் வியர்த்தது. வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது.

“இடது கை. குனி” என்றது ஒரு குரல்.

யோசிக்காமல் குனிந்தான். செருப்பு தலைக்கு மேலே போனது.

“இப்ப ரெண்டு சேர்ந்து வரும். குதி. இப்ப வராது, உருளையைச் சரிபண்ணிட்டுத்தான் வீசுவா. இப்ப! வலது!”

நக்வா அம்மாள்தான். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் சொன்னபடி ஒவ்வொரு செருப்பும் வந்தது. சொன்ன பக்கம், சொன்ன நேரம். அத்தனை மணி நேரத்தில் ரிஃப்கி கண்டுபிடிக்காத தாளத்தை, வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவர் கையைத் தட்டித் தட்டிச் சொன்னார். ஒரு செருப்புகூட அவன்மேல் விழவில்லை. கடையே எழுந்து நின்றது. வக்தி மட்டும் முடி உலர்த்தும் இயந்திரத்தின் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொள்ளப் பார்ப்பவரைப்போல மெல்லப் பின்வாங்கினார்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?” என்று ரிஃப்கி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டான்.

“அடி நீ. பேசாதே.”

அடித்தான். ஸ்பானரால் அடித்தான், விரல் மரக்கும்வரை அடித்தான். செருப்புக்காரிக்கு மூக்கு சிவந்தது. கண் சிமிட்டினாள். உருளையைச் சரிசெய்தாள். விழவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது பள்ளிவாசலிலிருந்து இஷா பாங்கு கேட்டது.

பாங்கு முடியும்வரை உஸ்தா மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு நாற்காலியைத் தட்டினார். “வா டாக்டர்.”

“உஸ்தா, நாளைக்கு நிச்சயம் உஸ்தா.”

“தெரியும். நான்தான் உனக்கு நாளைக்கு முடி அலங்காரம். நீ சொன்ன வார்த்தையை கெய்ரோ பூரா கேட்டிருக்கு. பயப்படாதே, என் கை பட்டா வலிக்கவே வலிக்காது.”

“வலிக்கு யாரு பயந்தா? ஹாஜி என்னைப் பார்த்துட்டு மறுபடியும் பெரியவங்களைக் கூட்டிட்டு வரச்சொல்வாரு!”

அவனை உட்காரவைத்தார்கள். கழுத்தில் துண்டு கட்டினார்கள். சோப்பு நுரை மேலுதட்டில் குளிர்ந்தது. எதிரே கண்ணாடியில் தொலைக்காட்சி தெரிந்தது. அதில் செருப்புக்காரி இன்னும் வீசிக்கொண்டிருந்தாள். நாயகன் சாகக்கூட இல்லை, ரிஃப்கி கடைசியாக ஒதுக்கிவிட்ட மூலையில் சும்மா நின்று தலைக்கு மேல் செருப்பு பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிஃப்கிக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது. வாயைத் திறந்தால் நுரை போகும், அதனால் அதையும் சொல்ல முடியவில்லை.

கத்தி அருகே வந்தது.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்” என்றார் நக்வா அம்மாள். உஸ்தாவிடம் அல்ல, கணவரிடம். “நான் குடியிருந்தது ரெண்டாவது மாடி. என்னை எதுக்கு நாலாவதுல கொண்டுபோய் நிறுத்தினீங்க?”

கத்தி நின்றது. ஷெரீனின் கைபேசி மெல்லத் திரும்பியது.

“கரீம் அம்மா, அது நீயில்லை...”

“அந்த மாதுளம்பூ அங்கி கிழிஞ்சு போய் இன்னும் நம்ம வீட்டுத் தரைதான் துடைக்குது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

வக்தி தரையைப் பார்த்தார். தரை முழுக்க முடி. “ரெண்டாவதுன்னா ரொம்ப சீக்கிரம் வந்துடும்.”

“எது வந்துடும்?”

“நீ.”

பின்னால் யாரோ ஒருவர் விசிலடித்தார். உஸ்தா தொண்டையைச் செருமினார். “குடும்பப் பேச்சை வீட்டுல வெச்சுக்கலாம் வாத்தியாரே. இங்கே நுரை காயுது. வாக்குன்னா வாக்கு.” இடது கையால் ரிஃப்கியின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தார். கத்தியின் குளிர் தோலில் பட்டது. இரண்டோ மூன்றோ முடிகள் நுரையோடு துண்டில் விழுந்தன. ரிஃப்கி கண்ணை மட்டும் திருப்பி, கண்ணாடிக்குள் வாத்தியாரைப் பார்த்தான். அவன் இதுவரை யாரையும் அவ்வளவு கெஞ்சலாகப் பார்த்ததில்லை.

“கத்தியை எடுங்க உஸ்தா!”

வக்தி வாத்தியாருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று அவருடைய மாணவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. உஸ்தா கத்தியை எடுத்தார். மூக்கை விடவில்லை.

“நான் தரைத்தளத்துல குடியிருந்தேன்” என்றார் வக்தி. மனைவியைப் பார்க்காமல் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். “என் கம்ப்யூட்டர் போடற பீப் சத்தம் தாங்காம மாடியிலேருந்து ஒருத்தி தினமும் என் வாசலுக்குச் செருப்பை வீசுவா. ஒண்ணுகூடக் குறி தப்பாது. பழிவாங்கறதுக்குத்தான் இந்த ஆட்டத்தையே ஆரம்பிச்சேன். ஒரு மாசம் உட்கார்ந்து அவளை வரைஞ்சேன். கடைசியில அவ கால் தடுக்கி, கூடையில விழுந்து, அப்படியே ரொட்டிக்காரன் தலையில போய் உட்காரணும். அதுதான் திட்டம்.”

“ரொட்டிக்காரன் தலையிலயா?” என்றார் நக்வா அம்மாள்.

“அதை எழுத உட்கார்ந்த சாயங்காலம் மேலேருந்து கூடை இறங்கிச்சு. ‘என் செருப்பையெல்லாம் அதுல போடு’ன்னு சத்தம். பயந்துக்கிட்டு எல்லாத்தையும் துடைச்சுப் போட்டேன். கூடை மேலே போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி இறங்கிச்சு. உள்ளே ஒரு தட்டு.” அவர் உஸ்தாவின் அலமாரியில் இருந்த பாத்திரத்தைக் காட்டினார். “இதேதான். திராட்சை இலை.”

“நீங்க செருப்பைத் துடைச்சுப் போட்டீங்க” என்றார் நக்வா அம்மாள் மெதுவாக. “அதுக்குத்தான் அனுப்பினேன்.”

“அப்போ மின்வெட்டு?” என்றாள் ஷெரீன்.

“மின்வெட்டும் இருந்துச்சு.”

“குவைத்து?”

“அவனும் போனான். ஆனா அதனால இல்லை.”

வக்தி நாற்காலி அருகே வந்தார். நுரைக்குள் மூச்சுவிட முடியாமல், பதினான்கா இருபத்தொன்பதா என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்த ரிஃப்கியின் தோளில் கையை வைத்தார். பின்னால் தொலைக்காட்சியில் செருப்பு விழும் சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

“அந்த முடிவை நான் அன்னிக்கு எழுதவே இல்லை. யார் ஆடினாலும் ஜெயிக்க முடியாது; அவ தோக்கற மாதிரி நான் எதுவுமே எழுதலை, டாக்டர்.”